சரணாலயம், தேசியப் பூங்கா திட்டங்களில் பங்கெடுப்பது எப்படி? வடசென்னைக்காரர்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

திருவொற்றியூர், எண்ணூர், மணலி பக்கம் இருக்கும் நமக்குப் பக்கத்தில் தேசியப் பூங்கா எதுவும் இல்லை. தமிழ்நாட்டில் உள்ள ஐந்தில் ஒன்றான கிண்டி நகரத்தின் தெற்கே இருக்கிறது. நமக்கு அருகில் இருப்பது பழவேற்காடு பறவைகள் சரணாலயம். 1980-இல் அறிவிக்கப்பட்டது, தமிழ்நாட்டுப் பக்கம் மட்டும் 153.67 சதுர கிலோமீட்டர். பூங்காவுக்கும் சரணாலயத்துக்கும் ஒரே சட்டம்தான்: 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம். நடைமுறையும் பெரும்பாலும் ஒன்றே. பழவேற்காட்டை வைத்து வேலை கற்றுக்கொண்டால் கிண்டிக்கும் முதுமலைக்கும் அது உதவும்.

இந்த வேலையில் சில ஆண்டுகளாக இருக்கிறேன். புதிதாக வருகிறவர்களிடம் அக்கறைக்குக் குறைவில்லை. படிகளின் வரிசையில்தான் தடுமாறுகிறார்கள். அதனால் வரிசைப்படியே எழுதுகிறேன்.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

ஒரு நோட்டு, கூகுள் எர்த் போட்ட ஒரு கணினி, இருப்பிடம் காட்டும் செயலி உள்ள போன், பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லைகள் நாலைந்து. இவற்றோடு, உப்பங்கழியிலோ ஏரியிலோ தொழில் செய்யும் ஒருவரின் பழக்கமும் வேண்டும். அந்தப் பழக்கம் இல்லாமல் எழுதப்படும் மனுக்களில் பறவைப் பெயர்கள் நிறைய இருக்கும், இடத்தின் பெயர் ஒன்றுகூட இருக்காது.

1. எந்தத் திட்டம் என்று முதலில் பிரித்துக்கொள்ளுங்கள்

"சரணாலயத்துக்கு ஏதோ திட்டம் வருதாம்" என்று காதில் விழுந்ததும் மனு எழுத உட்கார்ந்துவிடுகிறார்கள். அந்த ஒரு வரிக்குள் நான்கு வேறு வேறு விஷயங்கள் இருக்கலாம். நான்குக்கும் வேறு அலுவலகம், வேறு கெடு.

முதலாவது, ஓர் இடத்தைப் புதிதாகச் சரணாலயமாகவோ தேசியப் பூங்காவாகவோ அறிவிப்பது. இதில் மாவட்ட ஆட்சியர் வட்டார மொழியில் ஓர் அறிவிப்பை ஊர் ஊராக வெளியிட வேண்டும். அந்தத் தேதியிலிருந்து இரண்டு மாதத்துக்குள் உரிமை கோருபவர்கள் எழுத்தில் கோர வேண்டும். சரணாலயம் என்றால், தலைமை வன உயிரினக் காப்பாளரைக் கலந்து, சில உரிமைகளைத் தொடர ஆட்சியர் அனுமதிக்கலாம். சட்டத்தின் 24(2)(சி) பிரிவு அதற்கு இடம் தருகிறது. தேசியப் பூங்காவுக்கு அந்த உட்பிரிவு பொருந்தாது. மீன்பிடிப்பவருக்கும் மாடு மேய்ப்பவருக்கும் இது வாழ்வாதாரப் பிரச்சினை. யாராவது "தேசியப் பூங்கா ஆக்கணும்" என்று ஆசையாகச் சொன்னால் இந்த வித்தியாசத்தை அவர்களிடம் விளக்குங்கள்.

இரண்டாவது, மேலாண்மைத் திட்டம். இருக்கிற சரணாலயத்தை எப்படி நடத்துவது என்று வனத்துறை எழுதுவது. பெரும்பாலும் பத்தாண்டுக்கு ஒன்று. 2022 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு, ஒன்றிய அரசின் வழிகாட்டுதல்படி எழுதிய திட்டத்தின் அடிப்படையில்தான் சரணாலயத்தை நிர்வகிக்க வேண்டும். பட்டியல் பகுதிகளிலும் (பழங்குடியினர் பகுதிகளாக அறிவிக்கப்பட்டவை) வன உரிமைச் சட்டம் பொருந்தும் இடங்களிலும் கிராம சபையைக் கலந்தே எழுத வேண்டும்.

மூன்றாவது, சூழல் உணர்திறன் மண்டலம். அலுவலகங்களில் இ.எஸ்.இஸட் என்பார்கள். சரணாலயத்தைச் சுற்றி ஒரு வளையம் வரைந்து, அதற்குள் எது தடை, எது கட்டுப்பாட்டோடு அனுமதி, எது தாராளமாகச் செய்யலாம் என்று அட்டவணை போடுவது. இதை ஒன்றிய சுற்றுச்சூழல் அமைச்சகம் வரைவாக அரசிதழில் வெளியிடும். ஆட்சேபம் தெரிவிக்க 60 நாள்.

நான்காவது, பக்கத்தில் வரும் தனித் திட்டங்கள்: துறைமுகம், தொழிற்சாலை, சாலை. இவை சுற்றுச்சூழல் அனுமதிக்கும், சில சமயம் தேசிய வன உயிரின வாரியத்தின் நிலைக்குழுவுக்கும் போகும்.

"பத்து கிலோமீட்டர்" என்று ஊரில் பேசிக்கொள்வது இந்த நான்காவதைச் சேர்ந்தது. இ.எஸ்.இஸட் இறுதியாக அறிவிக்கப்படாத சரணாலயத்திலிருந்து 10 கிலோமீட்டருக்குள் சுற்றுச்சூழல் அனுமதி தேவைப்படும் திட்டம் வந்தால் நிலைக்குழுவின் பார்வைக்குப் போக வேண்டும் என்பதுதான் அது. அந்தப் பத்து கிலோமீட்டருக்குள் வீடே கட்டக்கூடாது என்று பொருள் இல்லை. "ஒரு கிலோமீட்டர்" என்பதும் அடிக்கடி வரும். 2022 ஜூன் 3 அன்று உச்ச நீதிமன்றம் எல்லாப் பூங்கா, சரணாலயங்களுக்கும் குறைந்தது ஒரு கிலோமீட்டர் மண்டலம் என்றது. 2023 ஏப்ரல் 26 அன்று அதைத் தளர்த்தி, வரைவோ இறுதி அறிவிக்கையோ வந்த இடங்களுக்கு அது பொருந்தாது என்றது. ஒரு கிலோமீட்டருக்குள் சுரங்கத்துக்குத் தடை அப்படியே இருக்கிறது. ஊர்க்கூட்டத்தில் இந்த இரண்டு எண்களும் கலந்துவிட்டால் பயம்தான் பரவும், அதன்பின் யாரும் கையெழுத்துப் போட வரமாட்டார்கள்.

2. படிக்கும் முன்பே ஆர்டிஐ போடுங்கள்

எல்லாவற்றையும் படித்து முடித்துவிட்டு, விடுபட்டதை ஆர்டிஐயில், அதாவது தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனு போட்டு, கேட்கலாம் என்று தோன்றும். அப்படிச் செய்யாதீர்கள். பதில் வர 30 நாள் ஆகும். இ.எஸ்.இஸட் வரைவுக்கு மொத்தமே 60 நாள். மூன்றாவது வாரம் மனு போட்டால், பதில் வரும்போது எழுத நேரம் இருக்காது.

முதல் வாரத்திலேயே மாவட்ட வன அலுவலகத்துக்கு ஒன்று, தலைமை வன உயிரினக் காப்பாளர் அலுவலகத்துக்கு ஒன்று. மாநில அலுவலகங்களுக்குப் பத்து ரூபாய் வில்லை ஒட்டினால் போதும். ஒன்றிய அமைச்சகத்துக்கு இணையவழியிலேயே போடலாம். "முழு விவரம் தருக" என்று கேட்காதீர்கள். நடப்பு மேலாண்மைத் திட்டத்தின் நகல், சரணாலய எல்லையின் புல எண் (நில அளவை எண்) பட்டியல், ஆலோசனைக் குழுவின் கடைசி மூன்று கூட்டக் குறிப்புகள் என்று ஆவணத்தின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். பெயர் சொல்லிக் கேட்ட ஆவணத்தை "இல்லை" என்றால் அதை எழுத்தில் தர வேண்டும். அந்தத் தாளே பின்னால் சான்றாகும்.

3. சரியான மாவட்டம், சரியான சபை

எண்ணூரும் திருவொற்றியூரும் இப்போது சென்னை மாவட்டம், சென்னை மாநகராட்சி. காட்டுப்பள்ளியும் பழவேற்காடும் திருவள்ளூர் மாவட்டம், மீஞ்சூர் ஒன்றியம். கொசஸ்தலை ஆறு இந்த மாவட்ட எல்லையை மதித்து ஓடுவதில்லை, ஆனால் கோப்பு மதிக்கும். நான் முதலில் எழுதிய மனு தவறான மாவட்டத்துக்குப் போனது. ஆறு வாரம் கழித்து "எங்கள் எல்லைக்குள் வராது" என்ற ஒரு வரிப் பதிலோடு திரும்பியது. கெடு முடிய ஒரு வாரம்கூட இல்லை. அன்றிலிருந்து உறையில் முகவரி எழுதும் முன் வரைபடத்தில் மாவட்ட எல்லையைப் பார்க்காமல் இருப்பதில்லை.

மாநகராட்சிக்குள் கிராம சபை கிடையாது. பழவேற்காடு பக்கத்து ஊராட்சிகளில் உண்டு: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. தீர்மானம் வேண்டுமென்றால் எண்ணூர்க்காரர் நேரடியாகக் கொண்டுவர முடியாது. அந்த ஊராட்சி வாக்காளர்தான் முன்மொழிய வேண்டும். நாம் செய்யக்கூடியது, முன்பே போய் உட்கார்ந்து பேசி, வாசகத்தைச் சேர்ந்து எழுதுவது.

இன்னொன்று: பழவேற்காடு ஏரியின் பெரும்பகுதி ஆந்திராவில் இருக்கிறது. அங்கே தனிச் சரணாலயம், தனி அறிவிக்கை. இணையத்தில் கிடைக்கும் ஆவணம் எந்த மாநிலத்துடையது என்று முதல் பக்கத்திலேயே பாருங்கள்.

4. வரைபடத்தைத் தரையோடு பொருத்துங்கள்

இந்த ஒரு படியை ஒழுங்காகச் செய்தால் மற்றவற்றில் பாதி வேலை குறைந்துவிடும்.

இ.எஸ்.இஸட் வரைவின் பின்னிணைப்பில் எல்லைப் புள்ளிகளின் அட்சரேகை, தீர்க்கரேகை இருக்கும், உள்ளே வரும் ஊர்களின் பட்டியலும் இருக்கும். அந்தப் புள்ளிகளை ஒவ்வொன்றாகக் கூகுள் எர்த்தில் போட்டு, கோடாக இணையுங்கள். இங்கேதான் முதல் பெரிய தவறு நடக்கும். அறிவிக்கையில் பாகை, நிமிடம், விநாடியாக இருக்கும். நாம் புள்ளி வைத்துத் தசமமாக அடித்துவிடுவோம். 13 பாகை 25 நிமிடம் 30 விநாடி என்பது 13.425. அதை 13.2530 என்று அடித்தால் சுமார் 19 கிலோமீட்டர் தெற்கே தள்ளிவிடும். பழவேற்காட்டில் இருக்க வேண்டிய புள்ளி எண்ணூர் துறைமுகப் பக்கம் வந்து விழும். இந்தத் தவறோடு எழுதிய ஆட்சேபத்தை ஒரு தொழில்நுட்ப அலுவலர் பார்த்தால் மீதியைப் படிக்கமாட்டார்.

கோடு சரியாக வந்ததும், அது வெட்டும் இடங்களின் புல எண்களை எடுங்கள். தமிழ்நாடு அரசின் நிலப் பதிவு இணையதளத்தில் அ-பதிவேடும் (ஊரின் நில விவரப் பதிவேடு) புலப்படமும் (நில அளவை வரைபடம்) கிடைக்கும். "ஏரியின் தென்கரை" என்று எழுதுவதற்கும் ஊர்ப் பெயரோடு புல எண்ணைச் சொல்வதற்கும் கோப்பில் வரும் பதிலே வேறாக இருக்கும். முன்னதற்குப் பொதுவான ஒரு வாக்கியம் வரும். பின்னதற்கு யாராவது ஒருவர் எழுந்துபோய் அந்த இடத்தைப் பார்க்க வேண்டும்.

அப்புறம் படத்தின் தேதி. கார்த்திகை மார்கழியில் ஏரி நிறைந்திருக்கும். கோடையில் சுருங்கும், முகத்துவாரம் மணல் மூடிக்கொள்ளும். வைகாசியில் எடுத்த செயற்கைக்கோள் படத்தை வைத்துக் கரையை வரைந்தால் பாதிக் கழி வறண்ட தரிசாகத் தெரியும். ஒருமுறை எண்ணூரில் ஒரு பெரியவரிடம் மடிக்கணினியைக் காட்டியபோது, "தம்பி, நீ காட்டுற கோடு தண்ணி வத்துன நேரத்துல போட்டது. ஐப்பசில வா, எது கரைன்னு நான் காட்டுறேன்" என்றார். ஐப்பசியில் போனேன். அவர் நிறுத்திக் காட்டிய இடத்துக்கும் என் கோட்டுக்கும் நடுவில் இடுப்பளவு தண்ணீர். கூகுள் எர்த்தில் பழைய படங்களைத் தேதிவாரியாகப் பார்க்கும் வசதி இருக்கிறது. ஒரு மழைக்கால, ஒரு கோடைக்காலப் படத்தைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து மனுவோடு இணையுங்கள்.

வரைபடம் ஏன் இவ்வளவு முக்கியம் என்பதை எண்ணூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 1996-இல் ஒப்புதல் பெற்ற கடற்கரை மண்டல வரைபடத்தில் இருந்த கழி, பின்னால் வந்த ஒரு வரைபடத்தில் காணாமல் போனது. ஆர்டிஐ வழியாகத்தான் அது வெளியே தெரிந்தது.

5. தொழில் செய்பவர்களிடம் கோட்டோடு போங்கள்

வெறுங்கையோடு போய் "உங்கள் கருத்து என்ன?" என்று கேட்டால், "எங்க கருத்தை யாரு கேக்குறா" என்ற பதில்தான் வரும். பெரிய தாளில் அச்சடித்த வரைபடத்தை விரித்து, "இந்தக் கோடு இங்கே போகுது, இதுக்குள்ள யாரு தொழில் பண்றாங்க?" என்று கேளுங்கள். வரைபடத்தை முதலில் முடிக்கச் சொன்னதற்குக் காரணம் இதுதான்.

பழவேற்காட்டில் பாடு முறை உண்டு. எந்த ஊர், எந்த நாளில், எந்த இடத்தில் வலை போடலாம் என்று ஊர்களுக்குள் முறை வைத்துப் பகிர்ந்துகொள்வது. அரசு ஆவணங்களில் இது பெரும்பாலும் இருக்காது. பாடு இடங்களை அவர்கள் சம்மதத்தோடு வரைபடத்தில் குறியுங்கள். வேண்டாம் என்றால் குறிக்காதீர்கள், எந்த இடத்தில் மீன் வரும் என்பது அவர்களுடைய மூலதனம். கையால் இறால் பிடிக்கும் இருளர் குடும்பங்களிடம் தனியாகப் பேசுங்கள். பாடு முறைக்குள் அவர்கள் வராததால், ஊர்க்கூட்டத்தில் அவர்கள் பேச்சு எழாமலே போய்விடும்.

நேரமும் பார்க்க வேண்டும். அதிகாலை வலை, காலை ஏலம். பிற்பகல் மூன்று மணிக்கு மேல் போங்கள். ஏலத்திலும் விற்பனையிலும் இருக்கும் பெண்களிடம் வரத்து எப்போது குறைந்தது, எது வராமல் போனது என்று கேளுங்கள். தேதி நினைவில் இருப்பது அவர்களுக்குத்தான்.

6. ஆட்சேபமும் ஆலோசனையும் எழுதுவது

ஒரு பத்திக்கு ஒரு விஷயம். ஒவ்வொரு பத்தியிலும் நான்கு துண்டுகள்: வரைவின் எந்தப் பத்தி, எந்த இடம், என்ன சான்று, அதற்குப் பதிலாக என்ன வாசகம். கடைசித் துண்டைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள். எதிர்ப்பை மட்டும் எழுதினால் "பரிசீலிக்கப்பட்டது" என்று முடித்துவிடலாம். மாற்று வாசகம் இருந்தால், ஏற்கவில்லை என்பதற்குக் காரணம் எழுத வேண்டிய கட்டாயம் கொஞ்சமாவது வரும்.

மாதிரி ஒன்று:

"வரைவின் அட்டவணையில் மீன்பிடிப்பு பற்றிய வரிசை, இயந்திரப் படகையும் கைவலை, பாடு வலையையும் பிரிக்கவில்லை. இணைப்பு 2-இல் குறித்துள்ள இடங்களில் உள்ளூர் மீனவர்கள் இயந்திரமற்ற படகில் தொழில் செய்கிறார்கள். எனவே, 'உள்ளூர் மீனவர்களின் இயந்திரமற்ற மரபு மீன்பிடிப்பு அனுமதிக்கப்படும்' என்ற வரியைச் சேர்க்கக் கோருகிறோம்."

தமிழில் எழுதுங்கள், கூடவே ஒரு பக்க ஆங்கிலச் சுருக்கம் இணையுங்கள். கோப்பு டெல்லியில் திறக்கப்படும். சுருக்கம் இல்லாவிட்டால் உங்கள் பத்தியின் சாரத்தை வேறு யாரோ எழுதுவார்கள்.

ஒரே வாசகத்தில் ஐந்நூறு பேர் கையெழுத்துப் போட்டு அனுப்புவது எண்ணிக்கைக்கு உதவும். அதோடு, தனித்தனி இடம் சொல்லும் பத்து மனுக்களாவது போகட்டும். ஐந்நூறும் ஒரே வாசகம் என்றால் ஒரே ஆட்சேபமாகச் சுருக்கிவிட முடியும்.

புகைப்படம் இணைத்தால் தேதியும் இருப்பிடமும் படத்திலேயே தெரிய வேண்டும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர் கழியில் எண்ணெய் பரவியபோது ஆயிரக்கணக்கான படங்கள் வாட்ஸ்அப்பில் சுற்றின. கைமாறிக் கைமாறி வந்த படங்களில் இந்த விவரம் அழிந்துவிடும். எடுத்தவரிடமிருந்து மூலக் கோப்பை வாங்கி வையுங்கள்.

7. அனுப்புவதும் சான்று வைப்பதும்

மின்னஞ்சலிலும் ஸ்பீட் போஸ்ட்டிலும், இரண்டிலும். முகவரி அறிவிக்கையிலேயே இருக்கும். நேரில் கொடுத்தால் தபால் பிரிவில் உங்கள் நகலில் சீலும் தேதியும் வாங்காமல் நகராதீர்கள். "நான் பார்த்துக்குறேன், வச்சிட்டுப் போங்க" என்று அன்பாகத்தான் சொல்வார்கள். சீல் இல்லாத மனு பின்னால் எங்கும் நிற்காது.

8. கூட்டம் இருக்கிறதா என்று உறுதி செய்யுங்கள்

இ.எஸ்.இஸட் வரைவுக்குக் கருத்துக் கேட்புக் கூட்டம் நடத்த வேண்டும் என்று விதியில் இல்லை, எழுத்து மட்டுமே. கூட்ட அறிவிப்புக்காகக் காத்திருந்து 60 நாளையும் விட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். வயிறு எரிகிறது.

கூட்டம் இருப்பது தனித் திட்டங்களின் சுற்றுச்சூழல் அனுமதிக்கு. 2006-ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கைப்படி, மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நாளிதழ்களில் குறைந்தது 30 நாள் முன்னறிவிப்புக் கொடுக்க வேண்டும். அறிக்கைச் சுருக்கம் தமிழிலும் இருக்க வேண்டும். பாதிக்கப்படும் உள்ளூர் மக்கள் நேரில் பேசலாம். அக்கறையுள்ள மற்றவர்கள் எழுத்தில் தரலாம். தேதி மாறக்கூடும். காட்டுப்பள்ளி துறைமுக விரிவாக்கத்துக்கு 2021 ஜனவரியிலும் 2023 செப்டம்பரிலும் குறித்த கூட்டங்கள் தள்ளிப்போயின. வேலைக்கு லீவு போட்டு, வண்டி பிடித்து வருகிறவர்களுக்கு முந்தின நாள் மாலை ஒருமுறை உறுதி செய்து சொல்லுங்கள்.

பேச மூன்று நிமிடம் கிடைக்கும் என்று வைத்துக்கொண்டு ஒரே ஒரு விஷயத்தைத் தயார் செய்யுங்கள். பேசி முடித்ததும் எழுத்துப் பிரதியைக் கையில் கொடுங்கள். முடிவில் கூட்டச் சுருக்கத்தைத் தமிழில் படித்துக் காட்டிவிட்டுத்தான் ஆட்சியர் கையெழுத்திட வேண்டும். அந்த நேரத்தில் பந்தல் காலியாக இருக்கும், எல்லாரும் பஸ்ஸுக்குப் போயிருப்பார்கள். இரண்டு பேராவது கடைசி வரை உட்காருங்கள். உங்கள் கருத்து சுருக்கத்தில் விடுபட்டால் அங்கேயே சொல்லிச் சேர்க்க அது ஒன்றுதான் வாய்ப்பு.

9. கெடு முடிந்த பிறகு

இறுதி அறிவிக்கை வந்தால் வரைவோடு வரிக்கு வரி ஒப்பிடுங்கள். அதன்பின் மாநில அரசு இரண்டு ஆண்டுக்குள் உள்ளூர் மக்களைக் கலந்து மண்டலப் பெருந்திட்டம் தயாரிக்க வேண்டும் என்று அறிவிக்கைகளில் இருக்கும். எல்லாரும் ஓய்ந்துபோகிற நேரம் அது. காலண்டரில் ஆறு மாதத்துக்கு ஒருமுறை குறித்துவைத்து, எந்த நிலையில் இருக்கிறது என்று ஆர்டிஐ போடுங்கள்.

சரணாலயங்களுக்கு ஆலோசனைக் குழு ஒன்றைச் சட்டத்தின் 33பி பிரிவு சொல்கிறது. ஊராட்சி அமைப்புகளிலிருந்து மூன்று பேர், தன்னார்வ அமைப்புகளிலிருந்து இரண்டு பேர், வன உயிரினப் பாதுகாப்பில் ஈடுபடும் மூன்று பேர் அதில் இருக்க வேண்டும். குழு அமைந்திருக்கிறதா, கடைசியாக எப்போது கூடியது என்று கேளுங்கள். மீனவ ஊர்களிலிருந்து ஒருவர் அதில் உட்கார்ந்தால் நம்முடைய பத்து மனுவுக்குச் சமம்.

வனத்துறை ஆண்டுதோறும் நடத்தும் ஒருங்கிணைந்த பறவைகள் கணக்கெடுப்பில் தன்னார்வலராகப் பெயர் கொடுங்கள். வனச்சரக அலுவலர் உங்களை முகம் பார்த்துப் பழகுவது அங்கேதான். மூன்று வருடம் ஒரே இடத்தில் எண்ணினால் அடுத்த ஆட்சேபத்துக்கு உங்கள் கையிலேயே தரவு இருக்கும்.

வழக்கு என்று வந்தால் ஒன்று நினைவில் இருக்கட்டும். தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு சென்னையிலேயே இருக்கிறது. சுற்றுச்சூழல் அனுமதியை எதிர்த்து 30 நாளுக்குள் அங்கே மேல்முறையீடு செய்யலாம், தக்க காரணம் இருந்தால் இன்னும் 60 நாள் வரை ஏற்பார்கள். ஆனால் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் தீர்ப்பாயத்தின் பட்டியலில் இல்லை. அந்தச் சட்டத்தின் கீழ் வந்த உத்தரவு என்றால் உயர் நீதிமன்றம்தான். வழக்கறிஞரைப் பார்க்கப் போகும்போது சீல் போட்ட நகல்கள், ஆர்டிஐ பதில்கள், தேதியிட்ட வரைபடம் மூன்றையும் தேதி வரிசையில் அடுக்கி எடுத்துப் போங்கள்.